இரண்டாம் பிரிவுக்குச் சீனி வராது

யுத்தத்தில் பாதை பூட்டியிருந்த வருடம் அது. அரிசி வரவில்லை, மண்ணெண்ணெய் வரவில்லை, பிள்ளைகளுக்குப் பால்மா வரவில்லை. காய்ச்சல் குளிசையைக்கூடச் சோதனைச் சாவடியில் கையில் கொட்டிப் பார்த்துத்தான் விட்டார்கள். அப்படிப்பட்ட காலத்தில் இரண்டு லொறிகள் ஒரு மறிப்புமில்லாமல் பாலத்தைத் தாண்டி மன்னார்த் தீவுக்குள் வந்தன. சனம் வீதிக்கு ஓடி வந்தது. அரிசியாக்கும் என்று உரப்பைகளோடு வந்தவர்களும் உண்டு. லொறிக்குள் இருந்தது அரிசியல்ல, ஒரு நிறுவனம்.

அதன் முழுப்பெயர் பரம்பரை நீரிழிவு இனவாரி ஆய்வு நிறுவனம். வெறும் வயிற்றோடு இவ்வளவையும் சொல்ல முடியாமல் சனம் அதைச் சீனிக் கந்தோர் என்றது. எந்த இனத்தின் இரத்தத்தில் சீனி வருத்தம் எவ்வளவு ஊறிக் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பது அதன் தொழில். இந்த நாட்டில் இத்தனை வருடமாக இனம் பார்த்துச் சுடுகிறார்கள், இனம் பார்த்துத் துரத்துகிறார்கள், ஆனால் இனத்தின் உள்ளே என்ன ஓடுகிறது என்று விஞ்ஞான முறைப்படி ஒருவரும் பார்க்கவில்லையே என்று திறப்பு விழாவில் பணிப்பாளர் கவலைப்பட்டார். அந்தக் கவலையோடு அவர் மன்னாருக்கு வந்ததற்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்ய முடியும்? இரத்தம்தான் கொடுத்தோம்.

பட்டினத்தில் பழைய வெங்காயக் கிட்டங்கி ஒன்றுக்கு வெள்ளையடித்து, ஜெனரேட்டர் பூட்டி, நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு குளிர்ப்பெட்டியை நிறுத்தினார்கள். அதற்குள் நான்கு தட்டுகள். முதலாம் தட்டு இலங்கைத் தமிழரின் இரத்தத்துக்கு. இரண்டாம் தட்டு, கலவரங்களுக்குப் பயந்து மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய இந்திய வம்சாவளித் தமிழருக்கு. மூன்றாவது முஸ்லிம்களுக்கு. நான்காவது சிங்களவருக்கு. அந்தக் காலத்தில் தீவில் சிங்களவர் என்று தேடினால் முகாமில் இருந்த ஆமிக்காரர்தான் அகப்படுவார்கள். அவர்கள் இரத்தம் தர மறுத்துவிட்டார்கள். படையினரின் உடம்பில் எவ்வளவு சீனி இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரியக்கூடாத விஷயமாம். மனம் நோகக்கூடாது என்று முகாம் பெரியவர் இரத்தத்துக்குப் பதிலாக ஒரு சட்டி எருமைத் தயிர் அனுப்பிவைத்தார். நான்காம் பிரிவிலிருந்து வந்த தயிர் என்பதால் அதை நான்காம் தட்டில் வைத்துக்கொண்டார்கள். ஒழுங்கு ஒழுங்குதானே.

இனி இன்சுலின் கதை. அதுவரை ஆஸ்பத்திரி கிளினிக்கில், வருத்தம் உள்ளவர் போய்க் கேட்டால், இருந்தால் கொடுப்பார்கள். வருத்தம் இருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்து கொடுப்பது விஞ்ஞானமல்ல என்று மேலிடத்திலிருந்து கடிதம் எடுத்து, தீவில் கிடந்த இன்சுலின் முழுவதையும் நிறுவனம் பொறுப்பேற்றது. இனி எந்தப் பிரிவுக்கு எவ்வளவு ஆபத்தோ அந்தப் பிரிவுக்கு அவ்வளவு மருந்து. பெட்டிகளைக் குளிரில் வைக்கச் சொல்லி மேலே எழுதியிருக்கிறதே என்று இலிகிதர் யேசுதாசன் நினைவுபடுத்தினார். அவர் எங்கள் ஊர் ஆள், பயந்த சுபாவம். பணிப்பாளர் அவரைப் பரிதாபத்தோடு பார்த்தார்.

"இன்சுலினுக்கு இனம் இருக்கிறதா, யேசுதாசன்?"

"இல்லை, சேர்."

"அப்படியென்றால் எந்தத் தட்டில் வைப்பது?"

இன்சுலின் பெட்டிகள் மேற்குப் பக்கத்து யன்னலடியில், காற்றோட்டமாக இருக்கட்டும் என்று, அடுக்கி வைக்கப்பட்டன. பின்னேரம் முழுக்க அங்கேதான் வெயில்.

மலைநாட்டிலிருந்து வந்து தோட்டவெளிப் பக்கம் குடிசை போட்டிருந்த அழகையாவுக்கு இந்த நிறுவனத்தோடு ஒரு வழக்கும் இல்லை. அவருக்கு ஒரேயொரு மகள், பாலம்மா. பதினான்கு வயது. ஒன்பது வயதில் அந்தப் பிள்ளைக்குச் சீனி வருத்தம் வந்தது. காலையும் மாலையும் ஊசி போட்டால் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து பள்ளிக்கூடம் போகும், சண்டை பிடிக்கும், சிரிக்கும். போடாவிட்டால் செத்துப்போகும். இதில் குழப்பமான விஷயம் எதுவுமில்லை. தாய் மலேரியாவில் போய்விட்டதால் அழகையாவே ஊசி போடப் பழகியிருந்தார். சரிபுதீன் முதலாளியின் கருவாட்டு வாடியில் கூடை சுமப்பது அவர் வேலை. கடலுக்குப் போகத் தடை போட்ட பிறகு மீனுமில்லை, கருவாடுமில்லை, கூடையுமில்லை.

இரத்தம் எடுக்கும் நாட்கள் வந்தன. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டுமாம். ஆனால் ஒரு இனத்தின் நோன்பை இன்னொரு இனத்தின் மேல் திணிப்பது அநாகரிகம், ஆகவே ஒவ்வொரு பிரிவும் தன் பாரம்பரியப்படி விரதமிருந்து வரட்டும் என்று பணிப்பாளர் கட்டளையிட்டார். இதற்குப் பண்பாட்டு மரியாதை என்று பெயர். வேற்று நாட்டுக்காரர் அதற்குப் பரிசுகூடக் கொடுத்திருந்தார்கள்.

முதலாம் பிரிவில் அநேகர் கத்தோலிக்கர். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்று மச்ச மாமிசத்தைத் தள்ளிவிட்டு, தேங்காய்ப்பால் கஞ்சியும் கருப்பட்டியும் தேத்தண்ணியுமாக முடித்துக்கொண்டு நெற்றியில் சிலுவை போட்டபடி வந்து கை நீட்டினார்கள். மூன்றாம் பிரிவுக்கு நோன்பு மாதத்தில் நாள் குறித்தார்கள். அவர்கள் விடியுமுன் சஹருக்குச் சோறும் வாழைப்பழமும் சீனியும் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வந்தார்கள். நோன்பு தொடங்கிவிட்டது, ஆகவே வயிறு வெறும் வயிறு என்று பதிவானது.

இரண்டாம் பிரிவு வந்தபோதுதான் சிக்கல். உங்கள் பாரம்பரிய விரதம் என்ன என்று யேசுதாசன் கேட்டார். மாரியம்மன் திருவிழாவுக்கு இருப்போம், இப்போது திருவிழா இல்லை என்றார்கள். அப்படியானால் சாப்பிட்டுவிட்டா வந்தீர்கள் என்றார். இல்லைங்க என்றார்கள். நேற்று? இல்லைங்க. யேசுதாசன் பேனையைக் கடித்தார். பிறகு, பாரம்பரியம்: உண்ணாதிருத்தல் என்று எழுதினார். பணிப்பாளர் அதைப் பார்த்து உருகிப்போனார். இப்படி ஆழமான துறவு உள்ள சமூகத்தை அவர் கண்டதே இல்லையாம். இரத்தம் எடுத்த பிறகு, அடுத்த சோதனைக்காகக் குளுக்கோசு கரைத்துக் கொடுத்தபோது இரண்டாம் பிரிவு மடமடவென்று குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டது. வீட்டில் பிள்ளைகளுக்குக் கொண்டுபோகப் போத்தலும் நீட்டியது. 'இனிப்புக்கு அஞ்சாத இனம்' என்று அதற்கும் ஒரு குறிப்பு விழுந்தது.

முடிவு வெளியிட ஒரு விழா. முகாம் பெரியவர், பாதிரியார், மௌலவி, எல்லாரும் முன் வரிசையில். முதலாம் பிரிவின் இரத்தத்தில் சீனி கூட. மூன்றாம் பிரிவில் இன்னும் கூட. இரண்டாம் பிரிவின் இரத்தத்தில் அநேகமாகச் சீனியே இல்லை. பரம்பரையிலேயே காப்புக் கிடைத்த இனம் ஒன்று மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பணிப்பாளரின் குரல் தழுதழுத்தது.

"இரண்டாம் பிரிவினரே, நீங்கள் பாக்கியசாலிகள். உங்கள் பாட்டன்மார் இந்தியாவிலிருந்து தோணியில் வந்து இந்தக் கரையில்தான் இறங்கினார்கள். இங்கிருந்து மலைக்கு நடந்தே போனார்கள். வழியில் பட்டினியிலும் வாந்திபேதியிலும் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். விஷயம் தெரியாதவர்கள் அதைத் துயரம் என்பார்கள். நான் விஞ்ஞானி, அப்படிச் சொல்லமாட்டேன். பலவீனமான பரம்பரை அலகுகள் எல்லாம் பாதையோரத்திலேயே கழிந்துவிட்டன. மிஞ்சியது தங்கம். அந்தப் பாதைக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும்."

முன் வரிசை கைதட்டியது. பின் வரிசையிலிருந்த இரண்டாம் பிரிவு, விழா முடிய தின்னப் பணிஸ் கொடுப்பார்களா என்று பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருந்தது. கொடுக்கவில்லை. காப்புள்ள இனத்தைப் பணிஸ் கொடுத்துக் கெடுக்கக் கூடாதல்லவா.

மறுநாள் அழகையா வெறும் மருந்துப் போத்தலைத் துணியில் சுற்றிக்கொண்டு சீனிக் கந்தோர் யன்னலில் நின்றார்.

"உங்கட பிரிவுக்குச் சீனி வராது, அழகையா. நேற்றுத்தான் முடிவானது," என்றார் யேசுதாசன்.

"எம்மகளுக்கு அஞ்சு வருஷமா இருக்குதுங்க. ஒங்களுக்கே தெரியும்."

யேசுதாசனுக்குத் தெரியும். தன் சின்ன மகளோடு ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளை அது. அவர் பணிப்பாளரின் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வருத்தம் ஆளுக்கு வருகுது. மருந்து பிரிவுக்குத்தான் வருகுது. நான் என்ன செய்ய?"

அன்றைக்குப் பாலம்மாவைக் காப்பாற்றியது ஹவ்வா உம்மா. சரிபுதீன் முதலாளியின் மனைவி. அவவுக்கும் சீனி. அவ தன்னிடம் சூடேறாமல் ஈரமணல் பானைக்குள் வைத்திருந்த பழைய போத்தலில் பாதியைக் கொடுத்தனுப்பினா. அந்தப் பாதி இருக்கும்வரை பிள்ளை பள்ளிக்கூடம் போனது. போத்தல் தீர்ந்தது. பிள்ளைக்குத் தாகம் எடுக்கத் தொடங்கியது. குடம் குடமாகக் குடித்தும் தாகம் போகவில்லை. சட்டை தோளில் நிற்கவில்லை. அழகையா மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மறுபடியும் கந்தோருக்கு வந்தார்.

விரலில் குத்திப் பார்த்தார்கள். கருவி இலக்கம் காட்டவே மறுத்தது, அளவுக்கு மேல் போய்விட்டதாம். பணிப்பாளரே வெளியே வந்து பிள்ளையைச் சுற்றி நடந்து பார்த்தார். கோபப்படவில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர் ஒருநாளும் யார் மேலும் கோபப்பட்டதில்லை.

"இரண்டாம் பிரிவுக்குச் சீனி வராது. இந்தப் பிள்ளைக்குச் சீனி இருக்கிறது. ஆகவே இந்தப் பிள்ளை இரண்டாம் பிரிவல்ல."

"அப்ப யாருங்க?"

"அதை நீர்தான் சொல்ல வேண்டும். உமது மனைவி எப்படிப்பட்டவர்?"

அழகையாவுக்குக் கேள்வி விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் செத்துப்போனது. பணிப்பாளர் பொறுமையாக விளக்கினார். பிள்ளை தன்னுடையதல்ல என்று தகப்பன் சத்தியம் செய்தால் அதை வேறு பிரிவுக்கு மாற்றலாம். மாற்றினால் மருந்து கிடைக்கும். தன்னுடையதுதான் என்று நின்றால் அதற்குச் சீனியே இல்லை, இல்லாத வருத்தத்துக்கு மருந்தும் இல்லை. பாலம்மா வாங்குப் பலகையில் இருந்தபடி தகப்பனின் சாரத்தைப் பிடித்து இழுத்தது.

"வேணாம்ப்பா. அம்மாவ அப்படிச் சொல்லி எனக்கு ஊசி வேணாம்."

"ஒங்கம்மா இருந்திருந்தா அவளே சொல்லியிருப்பா," என்றார் அழகையா. பிறகு பணிப்பாளரின் பக்கம் திரும்பினார். "எம்புள்ள இல்லீங்க."

சொல்லிவிட்டார். அத்தனை பேர் பார்த்திருக்க, யன்னலடியில் மருந்துப் பெட்டிகள் வெயில் காய்ந்துகொண்டிருக்க, சொல்லிவிட்டார். பணிப்பாளர் மகிழ்ந்தார். அடுத்த கேள்வி, அப்படியானால் யாருடைய பிள்ளை? சீனி அதிகமுள்ள பிரிவு மூன்றாம் பிரிவு. அந்தப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஆளில்லாத பாவத்தை நிறுவனம் ஏற்காது.

அழகையாவுக்குத் தெரிந்த ஒரே மூன்றாம் பிரிவு சரிபுதீன் முதலாளிதான். எழுபது வயது. தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களைத் துரத்தியபோது புத்தளத்துக்குப் போய், அகதி முகாமில் பன்னிரண்டு வருடம் கிடந்து, சமாதானம் என்று நம்பித் திரும்பி வந்தவர். ஐந்து வேளையும் தொழுபவர். பெண்கள் எதிரே வந்தால் நிலத்தைப் பார்த்து நடப்பவர். அப்படிப்பட்ட மனிசனிடம் போய் எப்படிக் கேட்பது? அழகையா வாடி வாசலில் வெயில் சாயும்வரை நின்றார். கடைசியில் ஹவ்வா உம்மாதான் என்னவென்று விசாரித்தா. அழகையா அழுதுகொண்டே சொன்னார். முதலாளி தஸ்பீகு மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"போய்ச் சொல்லுங்கோ," என்றா ஹவ்வா உம்மா. "அந்தப் பிள்ளைக்காக ஒரு பொய் சொன்னா உங்கட வாய் தேஞ்சு போகாது. அல்லாஹ்வுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கேக்கிறவன்தான் வெக்கப்படோணும்."

கேட்டவர் வெட்கப்படவில்லை. எங்கே, எப்போது, எத்தனை தடவை என்று விஞ்ஞானத்துக்காக எல்லாவற்றையும் கேட்டார். கிழவர் வியர்த்து வழிய எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். யேசுதாசன்தான் தொண்டையைச் செருமினார். பிள்ளை பிறந்த வருடத்தில் சரிபுதீன் புத்தளம் முகாமில் இருந்தவரென்றும், அப்போது அங்கிருந்து இங்கே வர ஒரு பாதையும் இருக்கவில்லையென்றும் சொன்னார். நல்லெண்ணத்தில் சொல்லவில்லை, கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை. கணக்கு இடித்தது, வாயில் வந்துவிட்டது.

"பரம்பரை அலகுகள் சாவடியில் பாஸ் எடுத்துக்கொண்டு திரிவதில்லை, யேசுதாசன்," என்றார் பணிப்பாளர்.

பாலம்மா அன்று பின்னேரம் மூன்றாம் பிரிவானது. பள்ளிவாசலில் சரிபுதீனுக்குப் பக்கத்தில் நின்று தொழுதவர்கள் அன்றிலிருந்து ஒரு அடி தள்ளி நின்றார்கள்.

யேசுதாசன் யன்னலடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்துத் தூசு துடைத்துக் கொடுத்தார். கையில் சுட்டது. உள்ளே திரி திரியாக ஏதோ மிதந்தது. அழகையா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் ஊசி போட்டார். மாலையும் போட்டார். மறுநாளும் போட்டார். மருந்து செத்து எத்தனையோ நாள். பச்சைத் தண்ணீரைப் போட்டிருந்தாலும் ஒன்றுதான். பிள்ளை வாந்தியெடுத்தது, மூச்சு வாங்கியது, வாயில் பழுத்து அழுகிய பழ மணம் வந்தது. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். இன்சுலினுக்குச் சீனிக் கந்தோருக்கு ஆள் அனுப்பினார்கள். அங்கேயிருந்து இன்னும் இரண்டு போத்தல் வந்தது, அதே யன்னலிலிருந்து. அந்த நேரத்தில் குளிர்ப்பெட்டியின் நான்காம் தட்டில் புதுச் சட்டித் தயிர் ஒன்று சில்லென்று உறைந்து இருந்தது. முகாம் பெரியவர் மாதத்துக்கொரு சட்டி தவறாமல் அனுப்பினார்.

ஞாயிறு பூசை மணி அடிக்கிற நேரம் பாலம்மா போய்விட்டது. ஒரேயொருமுறை தண்ணி கேட்டது. கொடுக்கும் முன் போய்விட்டது.

அதே மருந்தைப் போட்ட ஹவ்வா உம்மாவும் சீனி ஏறி, தலை சுற்றிப் படுக்கையில் விழுந்தா. அவவுக்கு வயதுபோய் வந்த சீனி, ஆகவே சாகவில்லை. மூன்றாம் பிரிவின் ஆபத்து இன்னும் கூடியிருக்கிறது என்று நிறுவனம் அதையும் சேர்த்துக்கொண்டது.

செத்த வீட்டுக்குப் பணிப்பாளர் மலர்வளையத்தோடு வந்தார். பின்னால் சின்னப் பெட்டியோடு யேசுதாசன். குடிசைக்குள் ஆளுக்கு இடமில்லை. சரிபுதீன் முதலாளி வெளியே வெயிலில் நின்றார். அவர் அந்தப் பிள்ளைக்கு என்ன முறை என்று கேட்டு யாரும் அவரை உள்ளே கூப்பிடவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. அழகையா மகளின் தலைமாட்டில் இருந்தார். பணிப்பாளர் அவருக்கு முன்னால் குந்தி, தோளில் கை வைத்தார்.

"ஒரு நல்ல செய்தி சொல்லத்தான் வந்தேன். மூன்றாம் பிரிவினருக்கு எங்கள் இன்சுலின் வேலை செய்கிறது. ஹவ்வா உம்மா உயிரோடு இருப்பதே சாட்சி. இந்தப் பிள்ளைக்கு வேலை செய்யவில்லை. ஆகவே இது மூன்றாம் பிரிவல்ல, இரண்டாம் பிரிவுதான். உமது மனைவி குற்றமற்றவர். இது உம்முடைய சொந்தப் பிள்ளை. விஞ்ஞானம் உறுதிசெய்துவிட்டது."

"தெரியுங்க," என்றார் அழகையா.

நன்றியை எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, பணிப்பாளர் மற்ற விஷயங்களையும் சொன்னார். இரண்டாம் பிரிவுக்குச் சீனி வராதபடியால் பிள்ளை செத்தது சீனியால் அல்ல, காய்ச்சல் என்று பதியப்படும். நிறுவனத்துக்குப் பொய் சொன்ன சரிபுதீன் மேல் நடவடிக்கை எடுக்கப்படும். பிறகு குரலைத் தாழ்த்தினார். இரண்டாம் தட்டில் ஒரு குழாய் இடம் காலியாக இருக்கிறதாம், தகப்பனின் இரத்தம் கிடைத்தால் ஆய்வு முழுமையாகிவிடுமாம்.

"நேற்றிலிருந்து ஏதாவது சாப்பிட்டீரா?"

"இல்லைங்க."

"மிக நல்லது," என்றார் பணிப்பாளர்.

யேசுதாசன் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தார். அழகையா ஒரு கையை நீட்டினார். மற்றக் கையைப் பிள்ளையின் தலையிலிருந்து அவர் எடுக்கவில்லை.